ஆள் எட்டு, தட்டு சிறிது: பிளேஸ்டேஷன் 3-இன் 'செல்' சில்லு பற்றி ஒரு வியாபாரியின் விளக்கம்

நம் சங்க மலரில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் பழைய நாணயம், முகத்தல் அளவை, கல்வெட்டு என்றே இருந்தன. இந்த ஆண்டு வீடியோ விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், "ஐயா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த விஷப் பரீட்சை?" என்று கேட்டேவிட்டார். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு முன் பரணைச் சுத்தம் செய்தோம். கறுப்பாக, பளபளவென்று, கனமான ஒரு பெட்டி வந்தது. என் இளைய மகன் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கிய பிளேஸ்டேஷன் 3. இப்போது அவன் மென்பொருள் துறையில் இருக்கிறான். பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். பதறிப் போனான். "அப்பா, இதுக்குள்ள இருக்கிற சில்லோட தம்பியை வெச்சுத்தான் அமெரிக்காவுல உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டரைக் கட்டினாங்க. ஆனா இதுக்கு கேம் எழுதினவங்க எல்லாம் இதைத் திட்டித் தீர்த்தாங்க" என்றான்.

எனக்கு அது விளங்கவில்லை. ஒரே சரக்கு ஒரு சந்தையில் தங்கமாகவும் இன்னொரு சந்தையில் தவிடாகவும் விலை போகிறது என்றால், அதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றுதானே வியாபாரிக்குத் தோன்றும்? அந்தச் சூட்சுமத்தைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை. நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். பருப்பு மொத்த வியாபாரி. ஆகவே எனக்குப் புரிந்த விதத்தில், கிடங்கு, மூட்டை, ஆள், தட்டு என்ற கணக்கிலேயே சொல்கிறேன்.

மூன்று கம்பெனிகள் கூடிச் செய்த சில்லு

2001 மார்ச் மாதம் சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டாக ஒரு புதிய செயலியை உருவாக்கப் போவதாக அறிவித்தன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வடிவமைப்பு மையம் வைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பொறியாளர்கள், சுமார் 40 கோடி டாலர் முதலீடு. இதற்கெல்லாம் உந்துசக்தியாக இருந்தவர் 'பிளேஸ்டேஷனின் தந்தை' என்று பெயர் பெற்ற கென் குதராகி. விளையாட்டுப் பெட்டியோடு நில்லாமல் தொலைக்காட்சியிலும் பெரிய கணிப்பொறிகளிலும் இதே சில்லு ஓட வேண்டும் என்பது திட்டம். சில்லுக்கு 'செல்' என்று பெயர். 2005 பிப்ரவரியில் பொறியாளர் மாநாட்டில் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிளேஸ்டேஷன் 3 விற்பனைக்கு வந்தது.

சில்லுக்குள் என்ன இருந்தது?

அந்தக் காலத்துச் சாதாரணச் செயலியில் ஒன்றோ இரண்டோ மூளை இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. செல் அப்படியல்ல. அதில் ஒரு தலைமை மூளையும், அதன் கீழ் எட்டு உதவி மூளைகளும் இருந்தன. தலைமை மூளையை மேஸ்திரி என்றும், மற்ற எட்டையும் ஆட்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு 320 கோடி துடிப்பு என்ற வேகத்தில் ஓடியது. ஆட்கள் ஒவ்வொருவரும் நொடிக்கு 2,560 கோடி கணக்குப் போட வல்லவர்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் இருபதாயிரம் கோடிக்கும் மேல்!

இந்த எட்டில் ஒன்றை சோனி தானே அணைத்துவிட்டது. சில்லு தயாரிக்கும்போது சிலவற்றில் ஏதாவது ஒரு மூலையில் பழுது விழும். எட்டும் நன்றாக இருந்தால்தான் எடுப்பேன் என்றால் பாதிச் சரக்கு குப்பைக்குப் போய்விடும். ஏழு போதும் என்று வைத்துக்கொண்டால் ஒன்று பழுதான சில்லும் விலை போகும். இதை எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்வான். மீதி ஏழில் ஒன்று பெட்டியின் சொந்த வேலைக்கு. ஆக, விளையாட்டு எழுதுகிறவர் கைக்கு வந்தது ஒரு மேஸ்திரியும் ஆறு ஆட்களும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியின் பிரதான நினைவகத்தைக் கிடங்கு என்று கொள்ளுங்கள். சாதாரணச் செயலி கிடங்கிலிருந்து ஒரு பொருளைக் கேட்டால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் 'கேஷ்' என்ற சின்ன அலமாரி அந்தப் பொருளையும் அதை ஒட்டியவற்றையும் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை கேட்டால் உடனே கிடைக்கும். நல்ல கடைப் பையன், முதலாளி கேட்பதற்கு முன்பே பொருளை எடுத்து வைப்பான் அல்லவா, அந்த மாதிரி. நிரல் எழுதுகிறவருக்கு இப்படி ஒரு பையன் இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

செல் சில்லின் ஆட்களுக்கு அந்தப் பையன் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் 256 கிலோபைட் அளவில் ஒரு தட்டு. அவ்வளவுதான். கிடங்கின் கொள்ளளவு 256 மெகாபைட்; ஆக, கிடங்கில் ஆயிரம் மூட்டை இருந்தால் ஆளின் தட்டில் ஒரு மூட்டைதான் கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. செய்ய வேண்டிய வேலையின் குறிப்பும் அதே தட்டில்தான் இருக்க வேண்டும், சரக்கும் அதே தட்டில்தான். ஆள் எழுந்து கிடங்குக்குள் கை நீட்ட முடியாது. "இன்ன இடத்திலிருந்து இவ்வளவு கொண்டு வா" என்று வண்டியை அனுப்ப வேண்டும். வந்ததும் வேலை செய்ய வேண்டும். முடிந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். எதை, எப்போது, எவ்வளவு என்பதையெல்லாம் நிரல் எழுதுகிறவரே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். அதுவும் ஒரு சரக்கில் வேலை நடக்கும்போதே அடுத்த சரக்கு வந்து இறங்கும்படி தட்டை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பான்.

போதாக்குறைக்கு மேஸ்திரி பேசும் மொழி வேறு, ஆட்கள் பேசும் மொழி வேறு. மேஸ்திரிக்கு எழுதிய நிரலை ஆளிடம் அப்படியே கொடுக்க முடியாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

படிக்கிறவர்களுக்கு, 'இவர்களுக்கு என்ன பைத்தியமா?' என்று தோன்றும். இல்லை. அன்றைய நிலைமை அப்படி. செயலிகளின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. நினைவகத்தின் வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. கிடங்கிலிருந்து ஒரு பொருள் வந்து சேருவதற்குள் செயலி நூற்றுக்கணக்கான துடிப்புகள் காத்திருக்க வேண்டிய நிலை. இன்னொரு பக்கம் சூடு. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு கொதித்தது. 2004-இல் இன்டெல் நிறுவனமே நொடிக்கு 400 கோடி துடிப்பு கொண்ட பென்டியம் திட்டத்தைக் கைவிட்டது.

இந்த இரண்டு சுவரையும் தாண்ட செல் குழு கண்ட வழி இதுதான்: கடைப் பையனையும் அவனுடைய அலமாரியையும் எடுத்துவிடு. அடுத்தது என்ன என்று ஊகிக்கும் சிக்கலான உறுப்புகளையும் எடுத்துவிடு. மிச்சமாகும் இடத்தில் கணக்குப் போடும் ஆட்களை நிரப்பு. சரக்கை ஒழுங்காகக் கொண்டுவரும் பொறுப்பை நிரல் எழுதுகிறவனிடம் விடு. காகிதத்தில் பார்த்தால் அருமையான கணக்கு. ஆனால் இதில் செலவு மறையவில்லை. ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு இடம் மாறியது. சில்லு செய்தவர் மிச்சம் பிடித்ததை விளையாட்டு எழுதியவர் சுமந்தார்.

மேஸ்திரிக்கு மூச்சு முட்டியது

ஒரு விளையாட்டில் என்னென்ன வேலை இருக்கிறது? எதிரி எப்படி யோசிப்பான், கதவு திறந்தால் என்ன நடக்கும், ஆட்டக்காரன் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று 'இப்படியானால் அப்படி' வகை வேலைகள் ஒரு பக்கம். ஆயிரம் கல் விழுந்தால் ஒவ்வொன்றும் எங்கே விழும், உடம்பின் ஒவ்வொரு மூட்டும் எப்படி வளையும் என்று ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் வேலைகள் இன்னொரு பக்கம். இரண்டாம் வகையில் ஆட்கள் சூரர்கள். முதல் வகை அவர்களுக்கு ஒத்துவராது. அது மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தது. அந்த மேஸ்திரியும் பெரிய பலசாலி அல்லர். வரிசை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் செய்யும் எளிய வகை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் மட்டும் செய்தால் 100 நிமிடம் ஆகும் வேலை. அதில் 40 நிமிட வேலையை மேஸ்திரிதான் செய்ய முடியும். மீதி 60-ஐ ஆறு பேருக்குப் பிரித்தால் 10 நிமிடம். ஆக மொத்தம் 50. ஆறு ஆட்களைக் கூட்டியும் வேகம் இரண்டு மடங்குதான்! ஆளை அறுபதாக்கினாலும் 40 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. 1967-இல் ஜீன் ஆம்தால் என்ற அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் எடுத்துச் சொன்ன விதி இது. நம் கடையிலும் இதே கதைதான். பொட்டலம் போட எத்தனை பேர் இருந்தாலும் பில் போடுகிறவர் ஒருவர் என்றால் கூட்டம் அவர் முன்னால்தான் நிற்கும்.

போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முந்தி, 2005 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதன் சில்லையும் செய்து கொடுத்தது ஐ.பி.எம்.தான்! அதில் ஏறக்குறைய இதே மேஸ்திரி வகையில் மூன்று பேர். தனி ஆட்கள் இல்லை. கடைப் பையன் உண்டு. மொத்தக் கணக்குத் திறனில் செல் மேல். ஆனால் 360-க்காக மூன்று மேஸ்திரிகளை நம்பி எழுதிய விளையாட்டை அப்படியே பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தால், அத்தனை வேலையும் ஒரே மேஸ்திரி தலையில் விழும். ஆறு ஆட்களும் கை கட்டி நிற்பார்கள்.

நினைவகத்திலும் ஒரு வம்பு. இரண்டு பெட்டியிலும் மொத்தம் 512 மெகாபைட்தான். 360-இல் அது ஒரே கிடங்கு, தேவைப்படி எடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 3-இல் செயலிக்கு 256, என்விடியா செய்த வரைகலைச் சில்லுக்கு 256 என்று நடுவில் சுவர். ஒரு பக்கம் இடம் காலியாக இருந்து மறு பக்கம் நெரிசல் ஆனாலும் உடனே மாற்றிக்கொள்ள வழியில்லை.

எழுதியவர்கள் பட்ட பாடு

விளையாட்டில் படம் நொடிக்கு முப்பது தடவை மாற வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிநொடி. அதற்குள் எல்லாம் முடியாவிட்டால் படம் தள்ளாடும். 2007-இல் வால்வ் நிறுவனத்தின் 'ஆரஞ்ச் பாக்ஸ்' தொகுப்பு இரண்டு பெட்டிக்கும் வந்தது. பிளேஸ்டேஷன் பதிப்பை வேறொரு குழுவிடம் கொடுத்துச் செய்வித்தார்கள். தாமதமாக வந்தது, ஓட்டமும் தடுமாறியது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் இந்தப் பெட்டியே எல்லோருக்கும் நேர விரயம் என்ற பொருளில் அந்த ஆண்டில் பேசினார். (அதே மனிதர் 2010-இல் சோனியின் மேடையேறித் தன் அடுத்த விளையாட்டை இதற்கும் தருவதாக அறிவித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.) 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' பிளேஸ்டேஷன் 3-இல், சேமித்த கோப்பு பெருக்கப் பெருக்க மெதுவாகிக்கொண்டே போனது. அதன் முதல் கூடுதல் பகுதி 360-க்கு 2012 ஜூனில் வந்தது. பிளேஸ்டேஷன்காரர்கள் 2013 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள்.

2009-இல் சோனியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் கசுவோ ஹிராய் ஒரு பேட்டியில், எளிதாக நிரல் எழுதும்படியான பெட்டியை வேண்டுமென்றேதான் தரவில்லை என்கிற மாதிரி சொன்னார். எளிதாக இருந்தால் திறமை முழுதும் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும், மீதி ஆண்டுகளில் புதிதாகக் காட்ட என்ன இருக்கும் என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், பூட்டு திறக்கவில்லை என்று வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் "நல்ல பூட்டு அப்படித்தான் இருக்கும்" என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

பணத்திலும் அடி விழுந்தது. அமெரிக்காவில் 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்ற இரண்டு வகைப் பெட்டிகளை ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்து, செய்கூலியோடு அடக்கம் முறையே சுமார் 805, 840 டாலர் என்று கணித்தது. செல் மட்டும் காரணமல்ல, புதிதாக வந்த புளூ-ரே இயக்கியும் சேர்ந்து ஏற்றிய விலை அது. குதராகி 2007 ஜூனில் பதவியை விட்டு விலகினார்.

வசப்படுத்தியவர்கள்

ஆனால் கதை இத்தோடு முடிந்தால் என் மகன் அந்தப் பெட்டிக்காகப் பதறியிருக்க மாட்டான். இந்தப் பெட்டிக்கு மட்டுமே எழுதிய சில குழுக்கள் பொறுமையாக இதைப் படித்துப் பழகின. பெரிய வேலையை எல்லாம் தட்டில் அடங்கும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வரிசையில் வைப்பது. எந்த ஆள் கை ஒழிகிறதோ அந்த ஆள் அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொள்வது. இந்த முறை கைவந்ததும் நிலைமை மாறியது. 2007-இல் சோனியே 'எட்ஜ்' என்ற கருவித் தொகுப்பை மற்ற குழுக்களுக்கும் கொடுத்தது. திரையில் தெரியாத முக்கோணங்களை முன்கூட்டியே ஆட்களைக் கொண்டு கழித்துவிட்டால் வரைகலைச் சில்லின் சுமை குறையும். அதற்கான நிரலும் அதில் இருந்தது.

நாட்டி டாக் நிறுவனத்தின் முதல் 'அன்சார்ட்டட்' 2007-இல் வந்தபோது ஆட்களின் திறனில் சுமார் 30 சதவீதமே பயன்பட்டது என்று அவர்களே பின்னால் சொன்னார்கள். 2009-இல் இரண்டாம் பாகம் வந்தபோது பார்த்தவர்கள் அதே பெட்டிதானா என்று வியந்தார்கள். 2010-இல் 'காட் ஆஃப் வார் 3' குழு, படத்தின் விளிம்புகளில் தெரியும் பிசிறை நீக்கும் வேலையை வரைகலைச் சில்லிடமிருந்து எடுத்து ஆட்களிடம் கொடுத்தது. 2013 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இந்தப் பெட்டியின் கடைசிக் காலத்து மகுடம். 512 மெகாபைட்டில் இதெல்லாம் நடந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

விஞ்ஞானிகளுக்கோ செல் முதலிலிருந்தே பிடித்துப்போனது. அவர்கள் வேலை ஒரே கணக்கைக் கோடிக்கணக்கான எண்களுக்குப் போடுவது. ஆட்களுக்கு ஏற்ற வேலை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியலாளர் 2007-இல் எட்டுப் பிளேஸ்டேஷன்களை இணைத்துக் கருந்துளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். அதே ஆண்டு மார்ச் முதல், புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு உலகெங்கும் வீடுகளில் சும்மா இருந்த பெட்டிகள் கணக்குப் போட்டுக் கொடுத்தன; 2012 நவம்பர் வரை இது நடந்தது. 2008-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் 'ரோட்ரன்னர்', செல்லின் திருத்திய வகை 12,960 சில்லுகளோடு, நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையைத் தாண்டிய முதல் கணிப்பொறி ஆனது. என் மகன் சொன்ன 'தம்பி' இதுதான். 2013 மார்ச்சில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

2013-இல் மாறிய கணக்கு

2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் செல் இல்லை. வீட்டுக் கணிப்பொறிகளில் உள்ள அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏ.எம்.டி. செயலி, ஒரே மாதிரி எட்டு மூளை, 8 ஜிகாபைட்டில் ஒரே கிடங்கு. அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஒரு கணக்குச் சொன்னார். புதுப் பெட்டி கைக்கு வந்து, அதில் முதல் முக்கோணம் திரையில் உருப்படியாக வர எவ்வளவு காலம் ஆகும்? முதல் பிளேஸ்டேஷனில் ஒன்றிரண்டு மாதம். இரண்டாவதில் மூன்று முதல் ஆறு மாதம். மூன்றாவதில் ஆறு மாதம் முதல் ஓராண்டு. நான்காவதில் மறுபடி ஒன்றிரண்டு மாதம். கடை திறந்து முதல் போணி ஆக ஓராண்டு என்றால் எத்தனை பேர் அந்தத் தெருவில் கடை போடுவார்கள்? பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடியில் நின்றது.

செல்லின் கருத்து செத்துவிடவில்லை. வேலையைப் பொட்டலம் கட்டிப் பல மூளைகளுக்குப் பகிரும் பழக்கம் விளையாட்டுத் துறை முழுதும் நிலைத்துவிட்டது. செயற்கை அறிவுக்காக கூகுள் 2015 முதல் பயன்படுத்திய டி.பி.யு. சில்லிலும், தானாக இயங்கும் அலமாரிக்குப் பதில் மென்பொருள் சொற்படி நிரம்பும் உள்நினைவகமே இருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே வேலை ஒரே வகை. வண்டி அனுப்பும் கணக்கை மொழிபெயர்ப்பு மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிரலரும் கையால் எழுதத் தேவையில்லை.

ஆகவே என் கேள்விக்கு விடை கிடைத்தது. சில்லு தங்கமா தவிடா என்பது சில்லில் மட்டும் இல்லை. அதற்குச் சரக்கு ஏற்றுகிறவர் யார், அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, வேலை என்ன வகை என்பதையும் பொறுத்தது. ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே கணக்கைச் செப்பனிட நேரம் உண்டு. பண்டிகைக்குள் சரக்கு இறங்க வேண்டிய விளையாட்டுக் கம்பெனிக்கு அது இல்லை.

கடைசியாக நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மேஸ்திரியும் ஆறு ஆட்களும் தட்டும் என்று இந்தப் பெட்டிக்கென்றே தைத்த சட்டையாக எழுதியதால், இதன் வட்டுகள் பிளேஸ்டேஷன் 4-லும் ஓடவில்லை, 5-லும் ஓடவில்லை. சில விளையாட்டுகளைப் புதிதாகச் செய்தார்கள். சிலவற்றை இணையம் வழியே தொலைவிலிருந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். 2011-இல் தொடங்கிய 'ஆர்.பி.சி.எஸ்.3' என்ற மென்பொருள் மூலம், ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து இதை வீட்டுக் கணிப்பொறியில் ஓட வைத்திருக்கிறார்கள். மற்றபடி அந்த வட்டுகளுக்கு இந்தப் பெட்டிதான் கதி. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால் பழைய சாமான்காரரைக் கூப்பிடும் முன் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டியைத் துடைத்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். விசிறி சற்று இரைந்தது. ஆனால் ஓடியது. பேரன் ஆடினான், நானும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஆறு ஆட்களும் உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.